பழனி வழி கோயம்புத்தூர்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் விமானத்தில் ஏறித்தான் ஆரம்பிப்பார்கள். நான் ரெட்டியார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஆரம்பிக்கிறேன். ஆறு மாதத்தில் பதினொரு முறை நானும் என் கணவரும் கோயம்புத்தூர் போய்வந்தோம். அது வெளிநாடு இல்லைதான். ஆனால் விசா ஒன்றைத்தான் கேட்கவில்லை. ஆதார், கல்யாணப் பத்திரிகை, ஜோடியாக எடுத்த போட்டோ, ரத்தம், எழுதக் கூச்சமாக இருக்கிற இன்னும் சில சங்கதிகள் என்று மற்ற எல்லாவற்றையும் கேட்டார்கள்.

எங்களுக்கு நாற்றுப் பண்ணை. பச்சை வலைப் பந்தலுக்குள் குழித்தட்டில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறோம். கல்யாணமாகி ஒன்பது வருடம். எனக்கு முப்பத்தாறு வயது. ஒரு தட்டில் தொண்ணூற்றெட்டு குழி. அதில் தொண்ணூறுக்குக் குறையாமல் முளைக்கும். என் விஷயத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

திண்டுக்கல்லில் குழந்தைப்பேறு விளம்பரப் பலகைகளுக்குக் குறைவே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகல் நகர் போவதற்குள் நான்கு பலகை. நான்கிலும் கொழுகொழுவென்று வெள்ளைக்காரக் குழந்தை. எங்கள் இரண்டு பேர் நிறத்துக்கும் அப்படி ஒன்று பிறந்தால் ஊரே வேறு மாதிரிப் பேசும். உள்ளே போனால் டாக்டர் மாதத்தில் இரண்டு நாள்தான் வருவார். அவரும் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, குழாய் அடைப்பு இருக்கிறது, டெஸ்ட் டியூப் முறைதான் வழி, மதுரையோ கோயம்புத்தூரோ போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பலகை இங்கே, வைத்தியம் அங்கே.

மதுரை பக்கம்தான். ஆனால் மதுரையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலில் சொந்தக்காரர் ஒருவர் சாத்துக்குடிப் பையோடு நிற்பார். கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒரு நாய்கூடத் தெரியாது. அதனால் கோயம்புத்தூர் என்று முடிவானது.

முதல் பயணத்தன்றே பொய்யும் பிறந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்கே கிளம்பியாகிவிட்டது என்று கேட்டார். என் கணவர் முத்துக்குமாருக்கு வாயில் பொய் வராது, முகத்தில்தான் வரும். அவர் பஸ்ஸின் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழனிக்குண்ணே" என்றார். கோயம்புத்தூர் பஸ் பழனி வழியாகத்தான் போகிறது. ஆகவே அது பாதிப் பொய்தான் என்று ஒட்டன்சத்திரம் வரும்வரை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

பழனிக்குப் போனவன் பஞ்சாமிர்தம் இல்லாமல் எப்படித் திரும்புவான்? திரும்பும்போது பழனி பஸ் ஸ்டாண்டில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் இவர் இறங்கி ஓடி ஒரு டப்பா வாங்கிவருவார். மூன்றாவது பயணத்தில், போகிற வழியிலேயே வாங்கிவிட்டால் நிம்மதி என்று இறங்கினார். பஸ் கிளம்பிவிட்டது. நான் கத்தினேன். கண்டக்டர், "இம்புட்டு நேரம் நிக்கும்போது எறங்காம இப்ப எதுக்கும்மா எறங்குனாரு" என்று என்னைத் திட்டினார். மடத்துக்குளத்தில் ஆட்டோவில் வந்து ஏறினார், மடியில் பஞ்சாமிர்தம். அன்று டாக்டரின் மேசைமேலும் அந்த டப்பா இருந்தது.

இனி அந்தக் கடைசி மாதத்துக் கதை. அந்த ஊரில் திங்கள், செவ்வாய் கிடையாது. மாதவிலக்கு வந்த நாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள்.

இரண்டாம் நாள். காத்திருக்கும் கூடத்தில் ஐம்பது ஜோடி. கரூர், தேனி, தாராபுரம், வேடசந்தூர் என்று பாதித் தமிழ்நாடு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தது. ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருந்தவர் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பெயர் ஸ்டெல்லா. மெதுவாக என் பக்கம் சாய்ந்து, வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டார். பழனி என்றேன். அவர் வேளாங்கண்ணி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வேளாங்கண்ணி கிழக்கே, இது மேற்கே. ஒவ்வொரு முறையும் திண்டுக்கல்லில் கோயில் வாசல் கடையில் மெழுகுவர்த்தியும் எண்ணெய்ப் புட்டியும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாராம். நான் குறைந்தபட்சம் திசையாவது சரியாகச் சொன்னேனே என்று அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

உள்ளே டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். கருமுட்டை இருப்புக் குறைந்துகொண்டே வருகிறது, இந்த முறை நன்றாக எடுத்துவிட வேண்டும், அடுத்த வருடம் வந்தால் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். தினமும் வயிற்றில் ஊசி, தினமும் இரண்டு முட்டை சாப்பிட வேண்டும் என்று எழுதினார். ஊசிக்குப் பயப்படவில்லை. முட்டைக்குத்தான் பயந்தேன்.

ஏனென்றால் ஊரைப் பொறுத்தவரை நாங்கள் முருகனுக்கு விரதம் இருக்கிறவர்கள். மாதம் இரண்டு தரம் பழனி போகிற வீட்டில் முட்டை வேகுமா? என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை எங்களுக்காகத் தானும் கவுச்சியை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தெருவெல்லாம் குழம்பு மணக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் பூசணிக்காய்க் கூட்டு. நான் பந்தலுக்குள் போய், தக்காளி நாற்றுக்கு நடுவில் குந்தி, டிபன் பாக்ஸில் ஒளித்துவைத்த அவித்த முட்டையைத் திருடனைப் போல விழுங்குவேன். முட்டையோட்டைக் குழித்தட்டில் நொறுக்கிப் போட்டுவிடுவேன். அந்த மாதம் நாற்று நன்றாக வந்தது.

ஊசி மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். அது என்ன டப்பா என்று அத்தை கேட்டதற்கு, நாற்றுக்குப் போடுகிற உயிர்மருந்து என்று இவர் சொன்னார். அத்தை அதற்குப் பக்கத்தில் மாவுப் பாத்திரத்தை வைக்க மாட்டேன் என்று நகர்த்திவைத்தார்.

ஒன்பதாம் நாள். ஸ்கேன் முடிந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே சாப்பிட்டோம். கோயம்புத்தூர்க்காரர்கள் நல்லவர்கள். சோறு போடுகிறவர்கூட "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று கெஞ்சுகிறார். ஆனால் சாம்பார்மேல் என்ன கோபமோ, வெல்லம் போட்ட மாதிரி இருக்கிறது. பிரியாணியோ நீள அரிசியில். சீரகச் சம்பாவில் வளர்ந்த நாக்குக்கு அது வெறும் மஞ்சள் சோறு. நாலு மணி நேரம் போக, நாலு மணி நேரம் வர, நடுவில் உள்ளே ஐந்து நிமிட ஸ்கேன். அந்த ஐந்து நிமிடத்தை ஒட்டன்சத்திரத்தில் வைத்துச் செய்ய முடியாதா என்று உள்ளேயே கேட்டிருந்தேன். டாக்டரம்மா சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. பின்னால் ஒரு நைட்ரஜன் கேன். எங்கள் பசு காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்ததாம். அத்தை கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டார். அரைமணி நேரத்தில் ஆள் வந்து, கையுறை மாட்டி, சினை ஊசி போட்டு, அதன் காதில் மாட்டிய வில்லையின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்துச் சினை பார்க்க வருகிறேன் என்றும் சொல்லிவிட்டார். பசு வைக்கோல் தின்றுகொண்டே நின்றது. பழனி போகிறேன் என்று யாரிடமும் சொல்லத் தேவையில்லை அதற்கு. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை. மாட்டுக்கு அரசாங்கம் வாசலுக்கு வருகிறது. மனுசிக்குப் பலகையில் வெள்ளைக்காரக் குழந்தையைக் காட்டி மாவட்டம் தாண்டிப் போகச் சொல்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள். ராத்திரி எட்டு மணிக்குக் கடைசி ஊசி. அதைப் போட்ட முப்பத்தாறாவது மணியில் கருமுட்டையை எடுக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் தானாக வெடித்து வீணாகிவிடும், எல்லாம் போச்சு என்று டாக்டரம்மா இரண்டு தரம் சொல்லியிருந்தார். மாடி ஏறக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது. வயிறு உப்பி, உட்கார்ந்தாலே வலித்தது. மறுநாள் மதியம் கிளம்பி, ராத்திரி லாட்ஜில் தங்கி, அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்பது என்று திட்டம்.

பதின்மூன்றாம் நாள் காலை வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே என் கணவரின் அக்கா, அவர் வீட்டுக்காரர், பங்காளி வீட்டார் என்று எட்டுப் பேர். எல்லோர் நெற்றியிலும் திருநீறு. அத்தை மஞ்சள் சேலையில் நின்றார். ரகசியமாக ஏற்பாடு செய்திருக்கிறார். "நீங்க ரெண்டு பேரே அலைஞ்சுக்கிட்டுக் கெடந்தா எப்படி? குடும்பத்தோட போயி மொட்டையப் போட்டு வேண்டுதல முடிச்சுருவோம், அப்பு" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் வயிற்றைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆறு மாதமாகப் பழனிக்கே போய்க்கொண்டிருப்பவன், குடும்பம் கூப்பிடும்போது மட்டும் எப்படி மறுப்பான்? எப்படியும் வழி அதுதானே, சாயங்காலம் அங்கிருந்து நழுவிவிடலாம் என்று காதில் சொன்னார். ஏறினோம். ஆறு மாதத்தில் முதல் முறையாக நாங்கள் உண்மையிலேயே பழனிக்குப் போனோம்.

முடிக்கொட்டகையில் என் கணவரின் தலை போயிற்று, மீசையும் போயிற்று. ஜோடிப் புகைப்படத்துக்காகவே எண்ணெய் வைத்து வாரிய தலை அது. அடுத்து அத்தை போய்ப் பலகையில் உட்கார்ந்தார். எனக்குச் சொல்லவே இல்லை. அறுபத்து மூன்று வயதிலும் இடுப்பைத் தொடுகிற முடி. தினமும் காலையில் அதைக் கோதிக் கொண்டை போடுவது ஒன்றுதான் அவர் தனக்காகச் செய்துகொள்கிற காரியம். சவரக்கத்தி வைத்ததும் அது கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. அதுவரை இந்தக் கூத்தை நினைத்து உள்ளே சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது.

மலை ஏற வேண்டும். இழுவை ரயிலுக்கு நின்ற வரிசையைப் பார்த்தால் மறுநாள்தான் முறை வரும்போல் இருந்தது. எல்லோரும் படியில் ஏறினார்கள். எனக்குத் தலைசுற்றுகிறது, கீழேயே இருக்கிறேன் என்றேன். மலைக்கு வந்துவிட்டு அடிவாரத்தில் உட்காருகிறாளே என்று அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அத்தை மட்டும் எனக்குத் துணைக்கு உட்கார்ந்துவிட்டார், மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்க.

அவர் எனக்காக மேலே போகாமல் உட்கார்ந்ததுதான் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். கோயம்புத்தூர், ஊசி, வயிற்றுக்குள் இருக்கும் முட்டைகள், நாளைக் காலை எட்டு மணி, எல்லாம்.

"அப்ப அந்தப் பஞ்சாமிர்தம்?"

"பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குனது, அத்தை."

"ஒவ்வொரு டப்பாவையும் கண்ணுல ஒத்தி ஒத்தித் தின்னேனேத்தா. உனக்குப் புள்ள வரணும்னு சொல்லிச் சொல்லித் தின்னேன்."

எனக்கு அழுகை வந்தது. வைத்தியத்துக்குப் போனது அவருக்குக் குற்றமாகவே படவில்லை. அதைச் சொல்லாமல் போனதுதான் படியில் உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும் அவரைக் குத்தியது. முட்டையும் தின்றாயா என்று கேட்டார். தினமும் இரண்டு என்றேன். பூசணிக்காய்க் கூட்டை நினைத்திருப்பார் போலும், நீளமாக மூச்சு விட்டார். பிறகு, "எம்புட்டு மணிக்கு அங்க இருக்கணும்?" என்று எழுந்தார்.

மற்றவர்களிடம் நாங்கள் மூவரும் இன்னொரு நாள் தங்கிச் சாமி பார்க்கிறோம் என்று அத்தையே சொன்னார். எங்களைவிடச் சரளமாகச் சொன்னார். வேன் ஊருக்குத் திரும்ப, நாங்கள் கோயம்புத்தூர் பஸ் ஏறினோம்.

பதினான்காம் நாள் காலை ஏழு மணி. கவுன்ட்டரில் இருந்த பெண் ஜெயந்தி என்று என் பெயர் போட்ட கோப்பைத் திறந்தாள். போட்டோவில் அடர்ந்த முடி, முறுக்கின மீசை. எதிரே சந்தனத் தலை. அவள் போட்டோவைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், பின்னால் நின்ற இன்னொரு மொட்டையைப் பார்த்தாள். சட்டப்படி ஆளைச் சரிபார்க்காமல் என்னை உள்ளே அனுப்ப முடியாது என்றாள். சரியான பேச்சுதான். யாரோ ஒருவருக்கு என் கணவர் பெயரைப் போட்டு உள்ளே விட்டால் என் கதி என்னவாகும்?

விரலை வைக்கச் சொன்னாள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். தென்னை நார்க்கழிவிலும் உரத்திலும் வருடக்கணக்காக ஊறிய விரல், ரேகை எல்லாம் மழுங்கிப் போயிருந்தது. இயந்திரம் ஒவ்வொரு தரமும் சிவப்பு காட்டியது. சரி, ஆதாரில் இருக்கிற போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றாள். இவருக்கு முகம் வெளுத்தது. ஆதார் எடுத்த காலத்தில் வீட்டில் போன் வைத்திருந்தவர் இவருடைய அண்ணன் ஒருவர்தான். அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள்.

மணி ஏழு இருபத்தைந்து. இவர் கூடத்தின் நடுவில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். இங்கே பதற்றத்தில் இவரும் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். மெசேஜில் வந்திருக்கும் ஆறு நம்பரைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

அண்ணன் படித்தவர், எச்சரிக்கையானவர். "யாருக்கும் ஓடிபி சொல்லாதேன்னு பேங்க்காரன் தெனமும் சொல்றான். எந் தம்பி பழனியில இருக்கான். நீ யாருலே?"

நான்தான் என்று இவர் சொன்னார். குரலை மாற்றிப் பேசி ஏமாற்றுகிற கூட்டம் இப்போது அதிகம் என்று அண்ணன் பதில் சொன்னார். போனைத் திருடிவிட்டாயா என்று வேறு கேட்டார். அத்தை போனை வாங்கி, ஆத்தாதான் பேசுகிறேன் என்றார். ஆத்தா பழனியில் இருக்கும்போது அங்கே ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற சத்தம் எப்படிக் கேட்கிறது என்று அண்ணன் மடக்கினார். அதற்குள் அந்த ஓடிபி காலாவதியாகிவிட்டது. கவுன்ட்டர் பெண் இன்னொன்று அனுப்பினாள். மணி ஏழு நாற்பது. என் அடிவயிறு இறுகிக்கொண்டே போனது. வெடித்துவிட்டதோ, வெடித்துவிட்டதோ என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாயில் பொய் வராத என் கணவர், ஆறு மாதமாக வந்துகொண்டிருந்த பொய்யை அங்கே கைவிட்டார். "அண்ணே, நேத்தத் தவிர நாங்க பழனிக்குப் போனதே இல்லண்ணே. ஆறு மாசமாக் கோயம்புத்தூர் வாறோம். புள்ளைக்குண்ணே. ஜெயந்திய உள்ள கூட்டிட்டுப் போகணும், இன்னும் இருபது நிமிசந்தான் இருக்கு. நம்பரச் சொல்லுண்ணே."

கூடத்தில் ஐம்பது ஜோடியும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். போனில் அண்ணன் குரல் வந்தது. "அதச் சொல்லித் தொலைய வேண்டியதுதானேடா." ஆறு எண்ணையும் சொன்னார். சரியாக எழுதிக்கொண்டானா என்று இன்னொரு தரமும் சொன்னார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் அந்த எண் ஒட்டன்சத்திரம் கமிஷன் கடைகளின் காதிலும் விழுந்தது, காரணமும் விழுந்தது. நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்பே எங்கள் ரகசியம் தக்காளி லாரியில் ஏறிப் போய்விட்டது.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். விழித்தபோது ஒன்பது முட்டை என்றார்கள். அழுதேன், சும்மாவே அழுதேன். ஒன்பதில் ஐந்து கருவாகத் தேறியது. ஐந்து நாள் கழித்து இரண்டை உள்ளே வைத்தார்கள். மூன்றை உறைய வைத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் பையப் போ, பையப் போ என்று சொல்லிக்கொண்டே வந்தார். பழனியில் டிரைவர் வண்டியை நிறுத்தியபோது எங்களில் யாரும் இறங்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து திண்டுக்கல்லில் ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் போனில் ரிப்போர்ட் வந்தது. ஒன்றும் தங்கவில்லை.

நான் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தேன். இத்தனை பஸ், இத்தனை ஊசி, இத்தனை முட்டை, ஒரு தலை முடி. கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தவில்லை. அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தலையில் முள் முள்ளாக முடி முளைத்திருந்தது. இரண்டு பேரும் இருட்டுகிறவரை மிளகாய்த் தட்டில் களை பிடுங்கினோம்.

நாலு நாள் கழித்து, கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கத்தரி நாற்று வாங்க வந்தார். தட்டுகளை எடுத்துவைக்கிற நேரத்தில் அத்தையோடு பேச்சு வளர்ந்தது. மொட்டை எதற்கு, பையன்கள் எத்தனை, அவர்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று வழக்கமான கேள்விகள். எனக்குக் கை நின்றுவிட்டது. அண்ணனுக்கு ஒரே மகள். அந்த ஒன்று என்ற பதிலைக் கேட்டுவிட்டு அந்தம்மா என் பக்கம் திரும்புவார், அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"நாலு" என்றார் அத்தை. "பெரியவன் மக இங்க இருக்கா. சின்னவனுக்கு மூணு. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில ஐஸ்ல வச்சிருக்காக. அடுத்த மாசம் நாங்க மூணு பேரும் போறோம்."

அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அது இன்னும் பிள்ளை இல்லை, அத்தை, வெறும் கரு என்று டாக்டரம்மா சொன்னதை நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். திருத்தவில்லை. தட்டைத் தூக்கி அவர் வண்டியில் வைத்தேன்.